நம் வீட்டு உணவும் நம் மக்களின் உயர்வும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் உணவைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நாள்தோறும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளின் முன் நிற்பவன் நான். பத்து நிமிடம் வெயிலில் நிற்கமாட்டாமல் தலை சுற்றி உட்கார்ந்துவிடும் சிறுமியை அழைத்து, 'காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?' என்று கேட்டால், 'டீ குடித்துவிட்டு வந்தேன் சார்' என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது. அவள் மந்தமான மாணவி அல்லள். பதினொரு மணி வரை பாடம் அவள் காதில் விழுகிறது, உள்ளே இறங்குவதில்லை. நம் கழகம் புத்தகம் கொடுத்தது, கட்டணம் கட்டியது, மாலைப் படிப்பகம் நடத்தியது. அத்தனையும் அந்தச் சிறுமியிடம் சென்று சேரவேண்டுமானால் அவள் உடலில் இரத்தம் இருக்க வேண்டும் அன்றோ? ஆகையினால் இன்று உணவைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

நிலைமை என்ன?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு அக்குறை உண்டு. அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. நம் மாநிலப் பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். ஒரே மாநிலத்தில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இரத்தமில்லாத மகளும், உடல் பருத்துச் சர்க்கரை நோயால் வாடும் தாயும் இருக்கின்றனர். இது எவ்வாறு? வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது கிடைப்பதில்லை. பசிக்கொடுமை பெரிதும் குறைந்துவிட்ட இக்காலத்தில் நாம் கவனிக்க வேண்டியது சோற்றின் அளவை மட்டுமன்று, உணவின் தரத்தையும் ஆகும்.

தரம் ஏன் குறைகிறது? 'அவர்களுக்கு உண்ணத் தெரியவில்லை, அறியாமை' என்று மேடைகளில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அக்கூற்றை நான் ஏற்பதில்லை. நம் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை நெடுங்காலமாகப் பிறர் முடிவு செய்தார்கள். அதன் சுவடு இன்னும் நம் அடுப்படியில் இருக்கிறது. அதனைக் கண்டறிந்து, எதை அரசிடமும் சமுதாயத்திடமும் கேட்டுப் பெற வேண்டும், எதை நாமே நாளைக் காலையில் மாற்றிக்கொள்ள முடியும் எனப் பிரித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

கூலியும் நிலமும்

நம் முன்னோர் நெல் விளைவித்தார்கள். கூலியாகப் பெற்றதோ சில படி நெல். அந்தப் படியின் அளவைக் கூட்டிக் கேட்டதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணி காட்டிற்று. 44 உயிர்கள் தீயில் மடிந்தன. இளைஞர்களே, உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர் சமையல் குறிப்போடு இதனையும் சேர்த்து எழுத வேண்டும்.

நிலமுள்ளவன் வீட்டில் கூலி இல்லாத நாளிலும் கொல்லையில் ஒரு முருங்கை இருக்கும், தொழுவத்தில் ஒரு பசு இருக்கும், வரப்பில் நான்கு துவரைச் செடி இருக்கும். அவன் காசு கொடுத்து வாங்காத உணவு அது. நிலமில்லாதவன் ஒவ்வொரு கறிவேப்பிலைக் கொத்துக்கும் காசு எண்ண வேண்டும். செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் அவல நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுள் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போயிற்று. நிலத்தோடு பருப்பும் பாலும் கீரையும் சேர்ந்தே போயின என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நிலம் நம்முடையதாக இல்லாத காலத்திலும், அந்நிலத்தில் இறங்கி உழைத்தவர்களுக்குக் கூலிக்கு மேல் ஒன்று கிடைத்து வந்தது. என் இளமைக்காலத்தில் களை எடுக்கச் சென்ற பெண்கள் மாலையில் மடி நிறையப் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கொண்டுவருவார்கள். வாய்க்கால் மீனும், வயல் நண்டும், நத்தையும் மழைக்காலத்தில் காசில்லாமல் கிடைத்த புரதம். இன்று களைக்கொல்லி தெளிக்கிறார்கள். களை எடுக்கும் கூலியும் போயிற்று. மடியில் வந்த கீரையும் போயிற்று. பூச்சி மருந்து கலந்த வாய்க்காலில் மீனும் நண்டும் அருகிவிட்டன. காட்டிலும் வயலிலும் இலவசமாகக் கிடைத்த நல்லுணவு மறைந்து, கடையில் விலைக்குக் கிடைக்கும் உணவே மிஞ்சியது.

வெள்ளை அரிசியின் கதை

இனி அரிசிக்கு வருவோம். நெல்லுச்சோறு நம் முன்னோருக்கு விருந்து நாள் உணவு. நாள்தோறும் உண்டது கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளச்சோறு. அரிசியை நாள்தோறும் உண்பது உயர்ந்தோர் வழக்கமாகக் கருதப்பட்டது. எனவே கையில் காசு வந்ததும், நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்ததும், நாம் முதலில் அரிசியை நோக்கிச் சென்றோம். அதில் தவறில்லை, அது மான உணர்ச்சி. ஆனால் எது உயர்ந்தது என்று ஊர் சொன்னதோ அது உடம்புக்கும் உயர்ந்ததா என்று கேட்க மறந்தோம்.

1920களில் நீலகிரிக் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் ஓர் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட வடமேற்குப் பகுதி உணவில் வளர்ந்த எலிகள் திடமாக இருந்தன. தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை மிகவும் நலிந்தன. அவர் தொடங்கிய அவ்வாராய்ச்சிக் கூடமே பின்னர் 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் விளங்குகிறது.

அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறையின்படி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம் போதும். பருப்பு, முட்டை, இறைச்சி வகைகள் 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம், பால் 300 மில்லிலிட்டர் வேண்டும். இதனை நம் குடும்ப அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. நம் வீடுகளில் பட்டினி நீங்கியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதனை நன்றியோடு நினைக்க வேண்டும். 20 கிலோ அரிசி பெறும் நால்வர் குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 167 கிராம் அரிசி வருகிறது. சலுகை விலையில் கிடைக்கும் துவரம்பருப்போ மாதம் 1 கிலோ. அதனைப் பகிர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. 85 கிராம் வேண்டிய இடத்தில் 8 கிராம்! குறை எங்கே இருக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். நம் பிள்ளைகள் இக்கணக்கைத் தங்கள் வீட்டு அட்டையை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

நாம் கைவிட்ட கேழ்வரகோ 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உடையது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. ஏழையின் களி என்று எள்ளப்பட்ட அதே கேழ்வரகு, இப்போது நகரத்துப் பெருங்கடைகளில் வண்ண உறையில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது.

நேரமும் கடனும்

நல்ல உணவுக்குப் பணம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நம் தாய்மார்கள் பலர் விடியலில் எழுந்து, ஏழு மணிக்குள் வேன் ஏறி, கட்டட வேலைக்கோ தோட்ட வேலைக்கோ தொழிற்கூடத்திற்கோ சென்றுவிடுகிறார்கள். மாலையில் திரும்பும்போது கீரையை ஆய்ந்து, பருப்பை வேகவைத்து, குழம்பு கூட்டும் தெம்பு யாருக்கு இருக்கும்? சமையல் தாயின் வேலை மட்டுமே என்று வைத்துவிட்டோம். திண்ணையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகன் முருங்கைக்கீரையை உருவிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அவள் நேரத்திற்குப் பதிலாகப் பிள்ளையின் கையில் பத்து ரூபாய் கொடுத்துச் செல்கிறாள். அது கடையில் ஒரு பொட்டலமாக மாறுகிறது. அந்தப் பொட்டலத்தில் உப்பும் எண்ணெயும் மாவும் உண்டு; வளர்வதற்கு உரியது எதுவும் இல்லை. தாயைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பொட்டலம் கெடுவதில்லை, அடுப்பு கேட்பதில்லை, கடையில் எந்நேரமும் தொங்குகிறது. வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் தந்தையர் தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்டவர்கள். உறையிட்ட தின்பண்டத்திலும் அடைத்த புட்டியிலும் அந்த அவமானம் இல்லை. யார் கையில் கொடுத்தாலும் ஒரே உறை, ஒரே புட்டி. அந்தச் சமத்துவம் நம் இளைஞரைக் கவர்வதில் வியப்பில்லை. ஆனால் அது புட்டியோடு முடிந்துவிடும் சமத்துவம். பற்களிலும் இரத்தத்திலும் அதன் விலையை நாமே கொடுக்கிறோம்.

வாரக்கடன் தவணை நாள் வந்தால் முதலில் குறைவது எது? மின்கட்டணம் குறையாது, கைப்பேசிக் கட்டணம் குறையாது. காய்கறியும் முட்டையும் குறையும். உணவு ஒன்றுதான் யாரும் நோட்டீஸ் அனுப்பாத செலவு. அக்கடன்களுள் பல, மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் பதாகைக்கும் பந்தலுக்கும் வாங்கியவை. ஒருநாள் ஊருக்குப் பிரியாணி போட்ட வீட்டில், விழா நாயகியான அந்தப் பெண் குழந்தை ஓராண்டு முழுதும் ரசஞ்சோறு உண்கிறாள். இரத்தம் மிகுதியாக வேண்டிய வயது அவளுக்கு அதுதான்.

குடியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. மாலையில் ஒருவன் கடையில் கொடுத்துவிட்டு வரும் தொகையில் அவன் வீட்டுக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போடும் வயது அவன் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று மட்டும் கூறுவேன்.

வெட்கம் என்னும் நோய்

இப்போது மனத்தைத் தொடும் ஒன்றைச் சொல்லப் போகிறேன். வகுப்பறையில், 'நேற்று இரவு வீட்டில் என்ன சாப்பாடு?' என்று ஆசிரியர் கேட்டால், மாட்டிறைச்சியோ நண்டோ உண்ட நம் பிள்ளை, 'சாம்பார் சார்' என்கிறது. உணவுப் பெட்டியைத் திறக்கும்போது மூடியால் மறைத்துக்கொள்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் தாய் சமைத்த உணவை மறைக்க யார் கற்றுக்கொடுத்தது? பாடநூலில் அப்படி ஒரு பாடம் இல்லை. ஊரின் பார்வை கற்றுக்கொடுத்தது.

2018ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், நம் சமுதாயப் பெண்மணி ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது நாடறிந்த செய்தி. சமைத்த கையைப் பார்த்து உணவைத் தள்ளும் நோய் இன்னும் தீரவில்லை. அந்நோய்க்கு மருந்து சட்டமும் நம் ஒற்றுமையும் ஆகும். ஆயினும் அந்நோய் நமக்குள்ளேயே புகுந்து, நம் உணவை நாமே இழிவாக எண்ணுமாயின் அதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது.

1927ஆம் ஆண்டு மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பொதுக்குளத்து நீருக்கான உரிமையை நிலைநாட்டினார். அதே வேளையில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழிக்குமாறும் நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஏன்? அது நம் மீது சுமத்தப்பட்டது. பிறர் எறிந்ததை நாம் ஏற்க வேண்டும் என்ற விதியின் சின்னம். சுமத்தப்பட்டதை விட வேண்டும். ஆனால் நாமே உழைத்துத் தேடிய நல்ல இறைச்சி, மீன், கருவாடு, நண்டு, கேழ்வரகு, கொள்ளு, காட்டுக்கீரை ஆகியவை எவரும் எறிந்தவை அல்ல. அவற்றில் புரதமும் இரும்பும் சுண்ணாம்பும் இருக்கின்றன. உண்பவர் உண்ணட்டும், விரும்பாதவர் பருப்பையும் பயற்றையும் கொள்ளட்டும். எதை உண்பதாயினும் மறைத்து உண்ண வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வீட்டுக்குள் உள்ள வரிசை

ஊரார் நம்மைக் கடைசியில் நிறுத்தினார்கள் என்று குறை கூறும் நாம், நம் வீட்டில் யாரைக் கடைசியில் நிறுத்துகிறோம்? ஆண்கள் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், சட்டியில் ஒட்டியிருப்பதைத் தாய் உண்கிறாள். மீன் துண்டு அவள் தட்டுக்கு வருவதில்லை. மீன் குழம்பு மட்டுமே வருகிறது. 100க்கு 53 என்னும் கணக்கு பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்க வாய்ப்பு மிகுதி. அக்குழந்தையே ஐந்தாண்டு கழித்து என் பள்ளிக்கு வருகிறது. ஒரு நேரமாவது குடும்பம் முழுவதும் ஒன்றாய் அமர்ந்து உண்டால், சட்டியில் உள்ளது என்ன என்பது அனைவர் கண்ணுக்கும் தெரியும், பங்கும் நேராகும்.

தண்ணீரையும் மறக்கலாகாது. வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் உள்ள குழந்தைக்கு எத்தனை முட்டை கொடுத்தாலும் பயன் பாதிதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டிக்கு நேர்ந்த இழிசெயலை நாம் மறக்கவில்லை. தூய குடிநீர் கேட்டுப் போராடுவதும் ஊட்டச்சத்துக்கான போராட்டமே ஆகும்.

செய்ய வேண்டியவை

முதலில், கேட்டுப் பெற வேண்டியவை. பள்ளி உணவுக்கு இம்மண்ணில் நூறாண்டு வரலாறு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவாகவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகவும் விரிந்து, 1989 முதல் முட்டையும் சேர்ந்து, 2022 செப்டம்பரில் காலை உணவாகவும் வளர்ந்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மீண்டும் டீயோடு வருகிறது. உயர்நிலை வகுப்புகளுக்கும் காலை உணவு வேண்டும் எனக் கழகம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நியாயவிலைக் கடையில் பருப்பின் அளவு கூட வேண்டும். கேழ்வரகும் எல்லா மாவட்டங்களிலும் கிடைக்க வேண்டும். நம் பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கு நம் படித்த இளைஞர்கள் மாதம் ஒருமுறை சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து உண்டு வர வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவனுக்கே குறை தெரியும்.

அடுத்து, நாமே செய்யக்கூடியவை. வீட்டுக்கு ஒரு முருங்கை, ஒரு பப்பாளி. பாத்திரம் கழுவும் நீரே அவற்றுக்குப் போதும். இடமில்லாத காலனிகளில் பொது இடத்தில் நடலாம். வாரத்தில் இரண்டு நாளாவது கேழ்வரகு. மற்ற நாளில் புழுங்கலரிசி. சோற்றைச் சற்றே குறைத்துக் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை இவற்றைக் கூட்டுங்கள். உண்டவுடன் டீ அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதற்கு மாறாக எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை இரும்புச் சத்து சேர உதவும். கருவாட்டை நன்கு கழுவிச் சமையுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதனைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் மாலைப் படிப்பகத்தில் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் கொடுப்போம். அங்கன்வாடியில் குழந்தையை எடை பார்க்கும் நாளில் தாயோடு தந்தையும் செல்லட்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஆயினும் இரண்டாவது பட்டியலைக் காட்டி முதலாவதை மறக்கச் சொல்வோரிடம் ஏமாந்துவிடாதீர்கள். கூலியும் நிலமும் நீரும் இல்லாதவனிடம் 'கீரை சாப்பிடு' என்று மட்டும் சொல்வது அறிவுரையாகாது. அவ்வாறே, உரிமை கிடைக்கும் வரை வீட்டுத் தட்டைத் திருத்தாமல் காத்திருப்பதும் சரியன்று. பிள்ளைகளின் வளர்ச்சி காத்திருப்பதில்லை.

திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். உண்பதையே நோய் காக்கும் வழியாக அவர் கண்டார். நம் கழகம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேரைப் பட்டதாரிகளாக்கியது என்ற கணக்கை இம்மலரில் பெருமையோடு வெளியிட்டிருக்கிறீர்கள். இனிவரும் ஆண்டு அறிக்கைகளில் மற்றொரு கணக்கையும் சேர்க்க வேண்டுகிறேன். நம் பகுதிப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரத்தச்சோகை நீங்கியது என்ற கணக்கே அது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்தால் அக்கணக்கு கிடைக்கும். அதற்கு வேண்டிய உழைப்பை எங்கள் பள்ளி ஆசிரியர்களும் பகிர்ந்துகொள்வோம் என உறுதி கூறுகிறேன்.